கறுப்பு முகப்பூச்சு வேடம்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பள்ளி விளையாட்டுப் போட்டியின் வினோத உடை நிகழ்ச்சி, பாடசாலைக் கலைவிழா, மார்கழி மாத ஒளிவிழா, கடற்கரை விடுதிகளின் புதுவருட இரவு என்று திருகோணமலையில் வேடம் போடுவதற்கான சந்தர்ப்பங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏதாவது ஒரு வேடத்துக்காக முகத்தில் கரியோ கறுப்புச் சாயமோ பூசப்படுவதும் வழமையாக இருக்கிறது. பூசுபவர்களில் பெரும்பாலானோர் எவரையும் புண்படுத்த நினைப்பவர்கள் அல்லர். ஆனால் படம் முகநூலில் ஏறியதும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் "இதை உடனே எடுத்துவிடுங்கள்" என்று எழுதுகிறார்; இங்கிருப்பவர்களுக்குக் காரணம் விளங்குவதில்லை. அத்தகைய வேளைகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் நாடகம் பழக்குவோரும் கேட்கும் கேள்விகளுக்கு எமது பதில்கள் இவை.

முகத்தில் எந்தக் கறுப்பைப் பூசினாலும் அது தவறான வேடம்தானா?

இல்லை. கண்ணூறு படாமல் பிள்ளையின் கன்னத்தில் வைக்கும் பொட்டும், காட்டில் பதுங்கும் படைவீரன் முகத்தில் இழுத்துக்கொள்ளும் கோடுகளும், கோமாளி மூக்கில் தடவும் மையும் இந்தப் பேச்சில் சேரா. இங்கே கேள்விக்குள்ளாவது, உயிரோடு வாழும் ஒரு மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவராகத் தன்னைக் காட்டிக்கொள்வதற்காக, அந்தக் கூட்டத்தைச் சேராத ஒருவர் முகத்தையும் கைகால்களையும் கறுப்பாக்கிக்கொள்வதுதான். அதனோடு சுருட்டை முடியும், தடிப்பாகத் தீட்டிய சிவந்த உதடும், விளங்காத கூச்சலும் சேர்ந்துவிட்டால், நோக்கம் என்ன என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

அமெரிக்காவில் இதற்கு ஏன் இவ்வளவு கடுமையான எதிர்ப்பு?

அங்கே கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த வேடம் மேடையேறியது. தோமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளையின நடிகர், 1830 ஐ ஒட்டிய ஆண்டுகளில், முகத்தில் கரி பூசிக் கந்தல் உடுத்து 'ஜிம் குரோ' என்ற பாத்திரமாகக் கோணலாக ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். 1843 இல் நியூயோர்க்கில் வேர்ஜீனியா மின்ஸ்ட்ரெல்ஸ் என்ற நால்வர் குழு அதை ஒரு மாலைப்பொழுது முழுவதும் நீளும் தனி நிகழ்ச்சியாக வளர்த்தது. போத்தல் தக்கையை எரித்துப் பொடியாக்கி, நீரில் குழைத்து முகமெங்கும் அப்பிக்கொள்வார்கள். வாயைச் சுற்றி மட்டும் பூசாமல் விட்டோ, வெள்ளையோ சிவப்போ தீட்டியோ உதட்டை இரு மடங்காகக் காட்டுவார்கள். அந்த முகத்தோடு வருபவன் சோம்பேறியாகவோ, கோழி திருடுபவனாகவோ, எசமானின் தயவில் மனம் மகிழ்ந்திருக்கும் அடிமையாகவோதான் இருப்பான். கறுப்பின மக்களோடு பழகியே இராத வடமாநிலத்தவர் பலர் அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது இந்த மேடையைப் பார்த்துத்தான்.

1865 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர், தென்மாநிலங்கள் பாடசாலையிலும் புகைவண்டியிலும் உணவகத்திலும் கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கச் சட்டம் இயற்றின. அந்தச் சட்டங்களுக்கு ஊரில் வழங்கிய பெயர் 'ஜிம் குரோ' சட்டங்கள் என்பதே. 1964 இல் குடியியல் உரிமைச் சட்டம் வரும்வரை மேடைக் கோமாளி ஒருவனின் பெயரில்தான் ஒரு மக்கள் கூட்டம் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தது. இதைவிடக் கொடியதொன்றும் உண்டு: கறுப்பின நடிகர்களும் மேடையேற வேண்டுமானால் கரி பூசவேண்டியிருந்தது. பஹாமாஸில் பிறந்த பேர்ட் வில்லியம்ஸ் அக்காலத்தின் மிகச்சிறந்த நகைச்சுவை நடிகர்களுள் ஒருவர். அவரும் தன் சொந்த நிறத்தின் மேல் எரித்த தக்கையைப் பூசிக்கொண்டுதான் நியூயோர்க் மேடையில் நின்றார். ஒரு மனிதரின் இயல்பான முகம் போதாது, அவரைப் பற்றிய கேலிச்சித்திரம்தான் வேண்டும் என்று அரங்கு கேட்டது.

அது அமெரிக்கர்களின் வரலாறு. அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் வேடத்தையும் அமெரிக்கக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேடை அமெரிக்காவோடு நின்றுவிடவுமில்லை. பிரித்தானியாவில் பீபீசீ தொலைக்காட்சி 1958 முதல் 1978 வரை கரி பூசிய பாடகர்களின் நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பி வந்தது. அதற்கும் முன்னதாக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டேவ் கார்சன் என்ற மேடைக் கலைஞர் அந்தக் கலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கல்கத்தாவில் வங்காளி எழுத்தர்களைப் போல வேடமிட்டு, அவர்களின் ஆங்கிலத்தையும் நடையையும் கேலிசெய்து வெள்ளைக்கார இரசிகர்களைச் சிரிக்க வைத்தார். வங்காள நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி சும்மா இருக்கவில்லை. அவர் வெள்ளைக்காரத் துரையாக வேடமிட்டு மேடையிலேயே பதிலடி கொடுத்தார். 1968 இல் பீட்டர் செல்லர்ஸ் என்ற ஆங்கில நடிகர் முகத்தில் மண்ணிறம் பூசி, தலையாட்டிக்கொண்டே சொதப்பும் இந்தியராக ஒரு ஹொலிவூட் படத்தில் நடித்தார். இந்த வேடத்துக்கு நமது நிறமும் பயன்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதை வேற்றூர்க் கதையாகத் தள்ளிவிட முடியாது.

மற்ற நாடுகளில் எப்படிப் பார்க்கிறார்கள்?

எல்லா நாட்டிலும் ஒரே பார்வை இல்லை. அதிகம் பேசப்பட்டது நெதர்லாந்து. 1639 இல் திருகோணமலையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தரின் நாடு. அங்கே டிசம்பர் 5 ஆம் திகதி மாலை புனித நிக்கலஸ் பிள்ளைகளுக்குப் பரிசு தருவார். அவரோடு 'ஸ்வார்ட்டே பீட்', அதாவது கறுப்புப் பீட் என்ற வேலையாளும் வருவான். 1850 இல் யான் ஷெங்க்மன் என்ற ஆசிரியர் வெளியிட்ட சிறுவர் நூலில் புனிதருக்குக் கறுப்பின வேலையாள் ஒருவன் வருகிறான். நெதர்லாந்தின் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை அப்போது நடைமுறையில் இருந்தது. பீட்டின் முகம் கறுத்தது புகைபோக்கி வழியாக இறங்கியதால்தான் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதுண்டு. புகைக்கரி முகத்தைக் கறுப்பாக்கும், சரி. தலைமுடியைச் சுருட்டி, உதட்டைச் சிவப்பாக்கி, காதில் பொன்வளையமும் மாட்டிவிடுமா?

2011 இல் இந்த வழக்கத்தை எதிர்க்கும் வாசகம் எழுதிய மேற்சட்டை அணிந்து நின்றவர்கள் கைதுசெய்யப்பட்டனர். 2015 இல் இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, வேடத்தின் இழிவான அம்சங்களை நீக்குமாறு கேட்டுக்கொண்டது. 2019 இல் தேசிய ஊர்வலத்தில் முழுக்கறுப்பு முகங்கள் கைவிடப்பட்டுக் கன்னத்தில் ஓரிரு கரிக்கோடு மட்டும் இழுத்த பீட்டுகள் வந்தார்கள். முன்னர் அந்த வழக்கத்துக்காக வாதாடிய பிரதமர் மார்க் ருட்டே, 2020 இல் தம் கருத்து மாறிவிட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். பிள்ளைகளுக்குப் பரிசு இப்போதும் கிடைக்கிறது, பண்டிகை அழிந்துவிடவில்லை.

ஸ்பெயினில், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களின் ஊர்வலத்தில், அவர்களுள் ஒருவரான பல்தசார் அரசருக்குக் கரி பூசுவது வழக்கம். மாட்ரிட் நகரம் அந்த இடத்தைக் கறுப்பின மனிதர் ஒருவருக்கே கொடுக்கத் தொடங்கியது. வேறு சில ஊர்கள் பழைய முறையிலேயே இருக்கின்றன. இங்கிலாந்தில் நாட்டுப்புற மொறிஸ் நடனக்காரர்களின் அமைப்புகள் முழுமுகக் கறுப்பைக் கைவிடுவதாக 2020 இல் அறிவித்தன. இப்போது நீலமும் பச்சையும் பூசி ஆடுகிறார்கள். ஈரானில் புத்தாண்டுக்குச் சிவப்புடை அணிந்து கறுத்த முகத்தோடு தெருவில் பாடி வரும் ஹாஜி பிரூஸ் அடிமைகளின் நினைவா, பழைய தீவழிபாட்டின் எச்சமா என்று அந்நாட்டு அறிஞர்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். சீனத் தேசியத் தொலைக்காட்சி 2018 இல் புதுவருட நிகழ்ச்சியில் கறுப்புப் பூசிய நடிகை ஒருவரை ஆபிரிக்கத் தாயாகக் காட்டியது. கென்யாவில் சீனா அமைத்த ரயில்பாதையைக் கொண்டாடுவதற்காக எழுதப்பட்ட நாடகம் அது. நட்பைக் காட்டப் போய்த்தான் வம்பு வந்தது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் எல்லோரையும் குழப்பும் உதாரணம். அங்கே ஜனவரி 2 ஆம் திகதி ஊர்வலம் போகும் குழுக்கள் அமெரிக்க மின்ஸ்ட்ரெல், அதாவது கரி பூசிய மேடைக் குழுக்களின், முகப்பூச்சைத் தழுவியவை. ஆனால் ஆடுபவர்கள் அடிமைகளின் வழித்தோன்றல்கள். அந்த அடிமைகளுள் ஒல்லாந்தக் கம்பனி இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களும் உண்டு. தங்களை இழிவுபடுத்திய முகத்தை அவர்களே எடுத்துக் கொண்டாட்டமாக்கிக்கொண்டார்கள். அந்த உரிமை அவர்களுடையது. அதைச் சுட்டிக்காட்டி மற்றவர்கள் கரி பூசிக்கொள்ள முடியாது.

நாமே கறுப்பு நிறத்தவர்கள்தானே? நாம் பூசினால் அது எப்படி இழிவாகும்?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். நேர்மையான பதில் நமக்குச் சற்றுக் கசக்கும். நாம் நமது நிறத்தோடு மேடையேறுவதில்லை. நம்மைவிடக் கறுப்பாக்கிக்கொண்டு மேடையேறுகிறோம். ஏனென்றால் அந்தக் கூடுதல் கறுப்பில்தான் சிரிப்பு இருக்கிறது என்று நாடகம் பழக்குபவர் நினைக்கிறார். பாடசாலை நாடகமொன்றின் ஒப்பனை அறையை நினைத்துப் பாருங்கள். இளவரசிக்குப் பவுடரும் றோஸ் நிறமும். அவளது வேலைக்காரிக்குக் கண்மையைக் குழைத்துக் கழுத்துவரை. இரு பிள்ளைகளும் ஒரே வகுப்பு, ஒரே நிறம். யார் எந்த நிறத்தில் வந்தால் சபை சிரிக்கும் என்பதை அந்த அறையில் எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

திரைப்படமும் இதற்குத் துணைபோகிறது. 2007 இல் வந்த 'சிவாஜி' படத்தில் கறுப்பு நிறம் கூட்டிக் காட்டப்பட்ட இரு பெண்களைக் கண்டு நாயகன் ஓடுவதே நகைச்சுவை. அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிருக்குத் தமிழர் வழங்கும் பெயர்கள் அவை. அவற்றைக் கேலிக்கு எடுத்தாண்டதைப் பார்த்துச் சிரித்தவர்களும் தமிழர்கள்தான். ஊர்வழக்கில் தண்டனை பெற்றவருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றியதும் நமது வழக்கமே. ஆகவே, முகத்தில் பூசும் கறுப்பு இழிவைக் குறிக்கும் என்பதை அமெரிக்காவிலிருந்து வந்து எவரும் நமக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் காளி வேடமும் போடக்கூடாதா?

தாராளமாகப் போடலாம். காளியின் கருமை எந்த மக்கள் கூட்டத்தின் நிறத்தையும் சுட்டுவதன்று. அந்த வேடத்தின் முன்னால் சபை சிரிப்பதில்லை, கைகூப்புகிறது. நகரில் பத்திரகாளி அம்பாள் கோயில் இருக்கிறது. நவராத்திரிக் காலத்தில் கும்பவிழா இரவுகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போது நேர்த்திக்கடனுக்காக விரதமிருந்து காளி வேடம் பூணுகிறார்கள். இதைப் படமாக வெளிநாட்டில் பார்க்கும் எவராவது தவறாக விளங்கிக்கொண்டால், விளக்கம் சொல்வதே பொருத்தம். வேடத்தைக் கைவிடுவது அன்று. மலையாளத்துக் கதகளியில் கரி வேடம் என்று ஒரு வகையே உண்டு. ஆனால் அதில் அரக்கியரோடு காட்டு வேடரும் சேர்க்கப்படுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

கலைவிழாவில் 'வேடர் நடனம்' ஆடுவதில் என்ன பிழை?

எமது மாவட்டத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுவே என்பது எமது எண்ணம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உடம்பு முழுக்கக் கரி பூசி, தென்னங்குருத்தோ வேப்பிலையோ இடுப்பில் கட்டி, தலையில் கோழி இறகு செருகி, மட்டை எலும்பொன்றைக் கையில் கொடுத்து, "ஹூ, ஹூ" என்று கத்தியபடி நெருப்பைச் சுற்றி ஆடவிடுவது பல மேடைகளில் நடக்கிறது. அந்த ஆட்டம் எந்த வேடருடையதும் அன்று. பழைய ஆங்கிலப் படங்களில் வரும் 'காட்டுமிராண்டி'களின் ஆட்டம் அது. நாம் அதற்கு உள்ளூர்ப் பெயரிட்டுக்கொண்டோம்.

வேடர்கள் கதையில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்குப் பகுதிகளில் கரையோர வேடர் பரம்பரையினர் தமிழ் பேசி, மீன்பிடித்து, வயல் செய்து வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து ஒரே மேடையைப் பார்க்கிறார்கள். மேடையில் கூச்சலிடுவது தன் பாட்டனார் என்று சொல்லப்படும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

சைவ மரபில் வேடருக்கு இருக்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்கலாம். முருகன் தேடிப்போய் மணந்தது வேடர் குலத்து வள்ளியை. அறுபத்துமூவருள் ஒருவராகிய கண்ணப்பர் வேடர். கண்ணப்பராக நடிக்கும் மாணவனுக்கு வேண்டியது வில்லும் அம்பும் தோற்செருப்பும்தான். இரண்டாவது கண்ணைப் பெயர்க்கும்முன் இடம் தெரிவதற்காகச் செருப்புக் காலை இலிங்கத்தின் கண்ணருகே ஊன்றுகிறாரே, அந்தக் கணத்தை ஒழுங்காகச் செய்தால் சபை எழுந்து நிற்கும். அதற்குக் கரி தேவையில்லை.

இங்கே ஆபிரிக்க வம்சாவளியினரே இல்லையே, யார் மனம் புண்படப் போகிறது?

இருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படையினராகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள்; பிரித்தானியரும் அவர்களைத் தம் படைப்பிரிவுகளில் வைத்திருந்தார்கள். கொழும்பின் கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்ற பொருளில் அழைத்து வந்தது, ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அங்கே அடைத்துவைக்கப்பட்டதால்தான். புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் 'மஞ்ச' என்ற தங்கள் பாடலையும் ஆடலையும் காத்து வருகிறார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இந்த மரபினர் வாழ்ந்து, பறங்கியரோடும் தமிழரோடும் கலந்திருக்கிறார்கள். நாம் திருமண வீட்டில் ஆடும் பைலாவின் தாளத்தில் அவர்களின் பங்கு இருக்கிறது. அவர்களைக் குறிக்க நம்மவர் வாயில் வரும் சில சொற்கள் இங்கே எழுதத் தகுந்தவை அல்ல.

எவரும் இல்லாத ஊர் என்றே வைத்துக்கொண்டாலும், பார்க்க ஆளில்லை என்பது செய்வதற்கான நியாயமாகிவிடாது.

ஒளிவிழாவில் மூன்று இராசாக்களில் ஒருவருக்குக் கறுப்புப் பூசலாமா?

வேண்டாம். மத்தேயு நற்செய்தி, இராசாக்கள் எனப்படும் அந்த ஞானிகளின் நிறத்தையும் சொல்லவில்லை, எண்ணிக்கையையும் சொல்லவில்லை. ஒருவரைக் கறுப்பராகக் காட்டியது பிற்கால ஐரோப்பிய ஓவிய மரபு. மன்னார்ப் பக்கத்தில் மூவிராசாக்கள் வாசாப்பு என்ற கத்தோலிக்கக் கூத்து நெடுங்காலமாக ஆடப்படுகிறது. முடியும் அங்கியும் கையிலிருக்கும் காணிக்கையுமே அரசரைக் காட்டப் போதும்.

மகன் நெல்சன் மண்டேலாவாக வேடம் போட ஆசைப்படுகிறான். மரியாதையோடுதானே செய்கிறோம்?

நல்ல ஆசை, போடட்டும். முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மண்டேலாவை உலகம் அடையாளம் கண்டது அவர் அணிந்த பூவேலைச் சட்டைகளாலும் நரைத்த தலையாலும் உயர்த்திய கைமுட்டியாலும். அந்தச் சட்டைகள் இந்தோனேசிய பத்திக் துணியிலிருந்து வந்த பாணி. பத்திக் நமது நாட்டிலும் தாராளமாகக் கிடைக்கும். தலையில் கொஞ்சம் பவுடர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய பத்திக் சட்டை, 27 ஆண்டுகள் சிறையில் இருந்ததைப் பற்றி மனப்பாடம் செய்த நாலு வரி. நடுவர்களுக்கு யாரென்று சொல்லத் தேவையிருக்காது. மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கறுப்புக் கோட்டும் டையும் ஒலிவாங்கியும் போதும். காந்தியாக வரும் பிள்ளைக்கு நாம் நிறம் பூசுவதில்லையே.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் 'ஆபிரிக்க இரவு' நடத்துவது?

உணவு, இசை, துணி அலங்காரம் என்றால் தடையேதுமில்லை. பணியாளர்களுக்குக் கரி பூசி ஈட்டியோடு வாசலில் நிறுத்துவதுதான் வினை. வருகிற விருந்தினர்களில் ஆபிரிக்க வம்சாவளியினரும் இருப்பார்கள். அவர்கள் இணையத்தில் எழுதும் ஒரு விமர்சனம் அந்தப் பருவம் முழுவதும் நிற்கும். பூசச் சொல்லப்படும் பணியாளருக்கு "மாட்டேன்" என்று சொல்லும் வாய்ப்பு உண்மையில் இல்லை என்பதையும் முகாமையாளர்கள் நினைவில் வைப்பது நல்லது.

வெள்ளைக்காரராக வேடமிட வெள்ளை பூசினால் அதுவும் இதே அளவு தவறா?

கூத்திலே வெள்ளைக்காரத் துரையைக் கேலி செய்வது ஆளப்பட்டவர் ஆண்டவரைப் பார்த்துச் சிரித்தது. வங்காள நடிகர் முஸ்தபி செய்ததும் அதுவே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய வெள்ளைப்பூச்சு வேறு: நாடகம் முடிந்த பிறகும் கலைக்காமல், திருமண மேடைவரை போய் நிற்கும் பூச்சு.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

முகப்பூச்சைப் பெயர் சொல்லித் தடைசெய்யும் சட்டம் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டிப் பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ வழிசெய்வதைக் குற்றமாக்குகிறது. ஒரு பிள்ளையின் வினோத உடை அதற்குள் அடங்கும் என்று சொல்வது மிகை. பொலிசுக்குப் போக வேண்டிய விடயம் அன்று இது. அதிபரோடும் பொறுப்பாசிரியரோடும் பேசித் தீர்க்கலாம்.

ஏற்கெனவே பூசி, படமும் போட்டுவிட்டோம். இப்போது என்ன செய்வது?

படத்தை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். சத்தமில்லாமல் அழிப்பதைவிட அது நல்லது. கனடாவின் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ, 2001 இல் தாம் ஆசிரியராக இருந்த பாடசாலையின் 'அரேபிய இரவுகள்' விருந்துக்கு முகத்திலும் கைகளிலும் கறுமை பூசித் தலைப்பாகையோடு போயிருந்தார். அந்தப் படம் 2019 இல் தேர்தல் நேரத்தில் வெளிவந்தது. அவர் சாக்குச் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், பள்ளிப் பருவத்தில் இன்னொரு முறை பூசியதையும் தாமே சொன்னார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாழும் நம்மவர்கள் அதைப் பற்றி இரு பக்கமும் நின்று வாதிட்டார்கள்.

பிள்ளை வேடம் போட்டிருந்தால் படத்தோடு பெயரும் வகுப்பும் இருக்கிறதா என்று பார்த்து முதலில் அவற்றை நீக்குங்கள், மற்றவர்கள் பகிர்ந்திருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வேடத்தைத் தெரிந்தெடுத்ததும் பூசியதும் பெரியவர்கள். பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்குப் போகவேண்டும். அங்கே யாராவது கேட்டால் "அது சேர் பூசியது" என்று சொல்வதற்கு அந்தச் சேரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடட்டும்.